கையில் 50 மெகாபிக்சல் போன் இருக்கு... அப்புறம் எதுக்கு சின்ன கேமரா? திருவண்ணாமலை கிரிவலத்துக்குக் கொண்டு போகலாமா? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

போன் வந்ததும் செத்துப்போச்சு என்று எல்லோரும் எழுதி முடித்துவிட்ட ஒரு பொருள், இப்போது ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு விற்கிறது. சட்டைப் பையில் அடங்கும் காம்பாக்ட் டிஜிட்டல் கேமராதான் அது. 2000-களில் கல்யாண வீட்டுச் சித்தப்பா கையில் இருந்த அதே வெள்ளி நிறப் பெட்டியை இன்று கல்லூரி மாணவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். இன்ஸ்டாகிராமில் 'டிஜிகேம்' என்று தட்டினால் போதும், கொட்டுகிறது.

பார்க்க அழகாக இருக்க வேண்டும், தினமும் கூடவே எடுத்துப் போக வேண்டும், படமும் போனை விட நல்லா வர வேண்டும். வாங்க நினைப்பவர்கள் கேட்பது இந்த மூன்றும்தான். மூன்றும் ஒரே கேமராவில், ஒரே விலையில் கிடைக்குமா? பௌர்ணமி இரவு, 14 கிலோமீட்டர் நடை, 217 அடி கோபுரம், மலை உச்சியில் ஒரு தீபம். ஒரு சின்ன கேமராவுக்குத் திருவண்ணாமலையை விடக் கடினமான பரீட்சை மையம் கிடைக்காது. அதனால் அங்கேயே வைத்துப் பார்க்கலாம்.

விழுந்தது எப்படி, எழுந்தது எப்படி?

ஜப்பான் கேமரா தயாரிப்பாளர்கள் சங்கத்தின் கணக்குப்படி, 2010-ல் உலகம் முழுக்க அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் சுமார் 12 கோடி. அதில் பத்தரைக் கோடிக்கு மேல் லென்ஸைக் கழற்ற முடியாத காம்பாக்ட் கேமராக்கள். அதுதான் உச்சம். பிறகு ஸ்மார்ட்போன் வந்தது, கதை முடிந்தது. 2023-ல் காம்பாக்ட் கேமரா எண்ணிக்கை சுமார் 17 லட்சம். நூறு கேமரா விற்ற இடத்தில் இரண்டு கூட விற்கவில்லை என்று அர்த்தம். கேசியோ 2018-ல் இந்தத் தொழிலை விட்டே போனது. ஒலிம்பஸ் தன் கேமரா பிரிவையே விற்றுவிட்டது.

ஆனால் 2024-ல் அந்த எண்ணிக்கை சுமார் 19 லட்சமாக ஏறியது. பத்தரைக் கோடி எங்கே, 19 லட்சம் எங்கே? உண்மைதான். ஆனால் பல வருஷமாக இறங்கிக்கொண்டே இருந்த கோடு நிமிர்ந்து பார்த்தது என்பதே செய்தி.

நிமிர்த்தியவர்கள் இளைஞர்கள். 2020-ல் வந்த ஃபூஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசைக் கேமரா டிக்டாக்கில் வைரலாகி, பல நாடுகளில் கடையில் ஸ்டாக் இல்லாமல் போனது. 2019-ல் வந்த கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3 இன்னும் தேடப்படுகிறது. ஒரு எலெக்ட்ரானிக் பொருள் வந்து இத்தனை வருஷம் கழித்துத் தட்டுப்பாடு வருவது அபூர்வம்.

காரணம் வெறும் ஸ்டைல் மட்டும் இல்லை. இன்றைய போன் ஒரு படத்தை 'எடுப்பதில்லை'. பல படங்களை எடுத்து, ஒட்டி, நிழலைத் தூக்கி, முகத்தை வழவழப்பாக்கி ஒரு படத்தை 'தயாரிக்கிறது'. யார் எடுத்தாலும், எங்கே எடுத்தாலும் ஒரே மாதிரி சாயல். அதில் சலித்தவர்கள்தான் பழைய கேமராவின் பளீர் ஃப்ளாஷையும், கொஞ்சம் கரடுமுரடான நிறத்தையும் விரும்புகிறார்கள். இன்னொன்றும் உண்டு. போனை எடுத்தால் படம் எடுக்கும் முன் வாட்ஸ்ஆப் மெசேஜ் வந்து நிற்கும். கேமராவில் அந்தத் தொல்லை கிடையாது.

அருணாசலத்தில் ஒரு சின்ன கேமரா: 1950

சின்ன கேமராவுக்கும் திருவண்ணாமலைக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1950 ஏப்ரல் 14 இரவு 8.47 மணிக்கு ரமண மகரிஷி சமாதி அடைந்தபோது, அந்த ஊரில் இருந்தார் பிரெஞ்சு புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன். மேக்னம் புகைப்பட நிறுவனத்தை 1947-ல் சேர்ந்து தொடங்கியவர்களில் ஒருவர். 1948 ஜனவரி 30 அன்று, சுடப்படுவதற்குச் சற்று முன்பு வரை காந்தியைச் சந்தித்திருந்தவர். ரமணரின் கடைசி நாட்களும் அதற்குப் பிந்தைய காட்சிகளும் அவர் படங்களில் இருக்கின்றன. அந்த இரவு வானத்தில் ஒளிக்கோடு ஒன்று நகர்ந்ததைப் பார்த்ததாகவும், உடனே கடிகாரத்தைப் பார்த்ததாகவும் அவரே பதிவு செய்திருக்கிறார்.

அவர் கையில் இருந்தது லைகா. 1925-ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த, அன்றைய கணக்கில் மிகச் சிறிய கேமரா. பெரிய பெட்டியையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு அலைந்த தொழிலில், ஒரு கையில் அடங்கியது அது. பெரும்பாலும் ஒரே ஒரு 50 எம்எம் லென்ஸ்தான் போடுவார். இன்று எல்லோரும் 'ரெட்ரோ லுக்' என்று காசு கொடுத்து வாங்கும் வெள்ளிப் பளபளப்பை அவர் கறுப்பு டேப் ஒட்டி மறைத்து வைத்திருந்தார், எதிரே இருப்பவர் கண்ணில் கேமரா படக்கூடாது என்று.

வெள்ளி நிறமா, கறுப்பு நிறமா என்று கடையில் குழம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். கழுத்தில் மாட்டிப் பார்க்க வெள்ளி அழகு. கூட்டத்தில், தெருவில், ஆசிரமத்தில் யாரையும் உறுத்தாமல் படம் எடுக்கக் கறுப்புதான் சௌகரியம். ஃபூஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசை இரண்டு நிறத்திலும் கிடைக்கிறது.

ரமணரை அதிகம் படம் எடுத்தவர்களில் ஒருவர் டாக்டர் டி.என்.கிருஷ்ணசாமி. சென்னையில் மருத்துவர்; தொழில்முறை புகைப்படக்காரர் அல்ல. ஆசிரமத்துக்கு வரும்போதெல்லாம் கேமராவும் கூட வந்தது. வீடுகளில் மாட்டியிருக்கும் அந்தப் புகழ்பெற்ற மார்பளவு முகப் படத்தை 1946-ல் எடுத்தவர் ஜி.ஜி.வெல்லிங் என்ற ஸ்டூடியோக்காரர். ஆனால் ரமணர் நடப்பது, உட்காருவது, மலைப்பக்கம் போவது போன்ற அன்றாடக் காட்சிகள் நமக்குக் கிடைத்ததில், தினமும் கேமராவைக் கூட வைத்திருந்தவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 'எவ்ரிடே கேமரா' என்று இன்று விளம்பரத்தில் வருவது இதைத்தான்.

மெகாபிக்சல் பார்க்காதீங்க, சென்சார் பாருங்க

கடைக்காரர் முதலில் சொல்வது மெகாபிக்சல். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது சென்சார் அளவு. வெளிச்சத்தைப் பிடிக்கும் பாத்திரம் அதுதான். மழைக்கு வெளியே வைத்த பாத்திரம் மாதிரி: வாய் அகலமாக இருந்தால் தண்ணீர் அதிகம் சேரும்.

மலிவான காம்பாக்ட்களில் இருப்பது '1/2.3 இஞ்ச்' சென்சார். பரப்பு சுமார் 28 சதுர மில்லிமீட்டர். ஒரு மொச்சைக்கொட்டை அளவு கூட வராது. அடுத்த நிலை '1 இஞ்ச்' சென்சார், 116 சதுர மில்லிமீட்டர். (பெயர்தான் ஒரு இஞ்ச், அளந்தால் மூலைக்கு மூலை 16 மில்லிமீட்டர்தான். பழைய டிவி கேமரா குழாய் காலத்துக் கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.) அதற்கும் மேலே 'ஏபிஎஸ்-சி', சுமார் 366 சதுர மில்லிமீட்டர்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இன்று விலை கூடிய போன்களின் முதன்மைக் கேமராவிலேயே 1/2.3 இஞ்சை விடப் பெரிய சென்சார் இருக்கிறது. சில சியோமி, விவோ போன்களில் 1 இஞ்ச் சென்சாரே வந்துவிட்டது. ஆகவே, '1/2.3 இஞ்ச்' கேமராவைப் புதிதாக வாங்கினால் இரவுப் படத்தில் உங்கள் போனிடமே அது தோற்கும். பகலில் ஜூம் வேண்டும், ஃப்ளாஷ் லுக் வேண்டும் என்றால் சரி. 'போனை விட நல்லா வரும்' என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான்.

217 அடி கோபுரத்துக்கு எந்த லென்ஸ்?

அருணாசலேஸ்வரர் கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் 11 நிலை, 217 அடி, மீட்டரில் 66. இதை அடி முதல் கலசம் வரை ஒரே படத்தில் பிடிக்க எவ்வளவு தூரம் பின்னால் போக வேண்டும்? கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்து, மேலே சாய்த்து எடுப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால்:

24 எம்எம் லென்ஸ் என்றால் சுமார் 20 மீட்டர். 28 எம்எம் என்றால் 30 மீட்டர். 35 எம்எம் என்றால் 47 மீட்டர். கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் பயன்படுத்திய 50 எம்எம் என்றால் 80 மீட்டர்.

பூக்கடை, தேங்காய்க் கடை, ஆட்டோ, கூட்டம் எல்லாம் இருக்கும் ஒரு கோயில் வாசலில் 80 மீட்டர் பின்னால் போனால், கோபுரத்துக்கும் உங்களுக்கும் நடுவில் என்னென்ன வந்து நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் கோபுரம், மண்டபம், பிரகாரம் என்று கோயில் ஊர்களைச் சுற்றுகிறவர்களுக்கு 24 அல்லது 28 எம்எம்-ல் தொடங்கும் லென்ஸ் கட்டாயம். ரொம்பக் கிட்டே போய் அண்ணாந்து எடுத்தால் கோபுரம் பின்னால் சாய்ந்து விழுவது போலத் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம். இடம் இருந்தால் தள்ளிப் போவதே நல்லது.

தீபத்துக்குக் கணக்கே வேறு. கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்கு 2,668 அடி மலை உச்சியில் மகாதீபம் ஏற்றப்படும். 2024 டிசம்பர் 1-ம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் மலை அடிவாரத்தில் மண் சரிந்து 7 பேர் உயிரிழந்த பிறகு, அந்த ஆண்டு பக்தர்கள் யாரும் மலையேற அனுமதிக்கப்படவில்லை. ஆக, கீழே இருந்துதான் எடுக்க வேண்டும். உச்சியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 28 எம்எம் லென்ஸில் படத்தின் அகலத்தில் இரண்டரை கிலோமீட்டர் மலை அடங்கும். தீபம் ஒரு புள்ளி. 100 எம்எம் என்றால் 720 மீட்டர் அடங்கும். தீபம் கொஞ்சம் பெரிய புள்ளி. பானசோனிக் டிஇசட்99 போன்ற 30 மடங்கு ஜூம் கேமராவில் 720 எம்எம் வரை போகலாம், அப்போது 100 மீட்டர்தான் அடங்கும். சுடர் சுடராகத் தெரியும். ஆனால் அதில் இருப்பது அந்த 1/2.3 இஞ்ச் குட்டி சென்சார். ஜூம் முழுக்க இழுக்கும்போது வெளிச்சமும் குறையும், கை நடுக்கமும் பெரிதாகும். முக்காலியோ, சாய்த்து வைக்க ஒரு மதில் சுவரோ இல்லாமல் நடக்காது.

உண்மையில் புள்ளி தீபமே நல்ல படம்தான். டிசம்பர் தொடக்கத்தில் அங்கே சூரியன் மறைவது 5.45 மணி வாக்கில். 6 மணிக்கு வானம் இன்னும் முழுசாகக் கறுக்காது, கருநீலம். மலை நிழலாக, உச்சியில் ஒரு மஞ்சள் பொட்டு. இந்தப் படத்துக்கு ஜூம் வேண்டாம், வெளிச்ச அளவைக் குறைக்கத் தெரிந்தால் போதும். கேமராவைத் தானாக எடுக்க விட்டால், இருட்டைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் வெளுக்க வைத்துவிடும். 'எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்' என்ற திருகை மைனஸ் 1, மைனஸ் 2 பக்கம் தள்ளினால் சரியாகும். இந்தத் திருகு மேலேயே, விரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று கடையில் பாருங்கள். ஃபூஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசையிலும் கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3-லும் இருக்கிறது. மெனுவுக்குள் நுழைந்து தேட வேண்டிய கேமரா என்றால், தீபம் ஏற்றி, கூட்டம் கோஷம் போட்டு முடித்த பிறகுதான் அமைப்பைக் கண்டுபிடிப்பீர்கள்.

சரி, எதை வாங்கலாம்?

*ஃபூஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசையின் ஆறாவது கேமரா.* 2024 பிப்ரவரி 20-ல் அறிமுகமானது. 40 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி சென்சார், கை நடுக்கத்தைச் சரிசெய்யும் அமைப்பு, உள்ளேயே ஃப்ளாஷ், கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர். அழகில் இதை அடிக்க ஆள் இல்லை. ஆனால் லென்ஸ் 35 எம்எம்-க்கு நிகரான ஒன்றே ஒன்று, ஜூம் கிடையாது. எடை 521 கிராம், ஒரு போனைப் போல இரண்டு மடங்குக்கு மேல். சட்டைப் பையில் போகாது, கழுத்தில்தான் தொங்கும். இந்தியாவில் விலை ஒன்றரை லட்சத்துக்கு மேல். இது மட்டும் போதும் என்று தெரிந்து வாங்குகிறவர்களுக்குச் சொர்க்கம். இன்ஸ்டாகிராமில் பார்த்து வாங்குகிறவர்கள் மூன்று மாதத்தில் 'ஜூம் இல்லையே' என்று விற்கப் பார்ப்பார்கள்.

*ரிக்கோ ஜிஆர் 3, ஜிஆர் 4.* உண்மையாகவே பையில் அடங்குவது இதுதான். அதே ஏபிஎஸ்-சி சென்சார், எடை 260 கிராம் வாக்கில், 28 எம்எம் லென்ஸ். கோபுரத்துக்கும் தெருவுக்கும் சரியான அகலம். பார்க்கச் சாதாரணக் கறுப்புப் பெட்டி. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், தெருப் புகைப்படக்காரர்களுக்கு அதுதானே வேண்டும். குறைகளும் உண்டு. ஃப்ளாஷ் இல்லை. ஜிஆர் 3-ல் ஒரு சார்ஜில் சுமார் 200 படம்தான். தூசு உள்ளே போய் சென்சாரில் உட்காருகிறது என்பது இந்த வரிசை மேல் நீண்ட காலமாக இருக்கும் புகார். விபூதி, குங்குமம், கற்பூரப் புகை இருக்கும் இடத்தில் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும். 2025 செப்டம்பரில் விற்பனைக்கு வந்த ஜிஆர் 4-ல் 53 ஜிபி நினைவகம் உள்ளேயே இருக்கிறது. மெமரி கார்டை வீட்டில் மறந்து வருகிறவர்களுக்கு வரம்.

*கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3, சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7.* இரண்டும் 2019-ல் வந்தவை, இரண்டிலும் 1 இஞ்ச் சென்சார், இரண்டும் சுமார் 300 கிராம், இரண்டிலும் ஃப்ளாஷ் உண்டு, இரண்டும் 24 எம்எம்-ல் தொடங்குகின்றன. கேனான் 100 எம்எம் வரை. சோனி 200 எம்எம் வரை. வித்தியாசம் வெளிச்சத்தில். கேனான் லென்ஸ் எஃப் 1.8-ல் தொடங்குகிறது, சோனி எஃப் 2.8-ல். அதாவது அகலக் கோணத்தில் கேனானுக்குள் நுழையும் வெளிச்சம் இரண்டரை மடங்கு வாக்கில் அதிகம். பௌர்ணமி இரவு தெருவிளக்கு வெளிச்சத்தில் இது பெரிய விஷயம். சோனியில் மேலெழும்பும் வ்யூஃபைண்டர் இருக்கிறது; மே மாத மத்தியான வெயிலில் திரையே தெரியாதபோது அதன் அருமை புரியும்.

குடும்பத்தோடு வந்து கோயில், கிரிவலம், பிள்ளைகள், சாப்பாடு என்று எல்லாவற்றையும் ஒரே கேமராவில் எடுக்க நினைக்கும் சராசரி ஆளுக்கு, இந்தப் பட்டியலில் மிகப் பொருத்தம் கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3. அழகில் ஃபூஜிஃபில்முக்கு ஒரு படி கீழே. ஆனால் வேலையில் ஜெயிக்கிறது. ஒரு சார்ஜில் 235 படம் என்பது மட்டும் குறைச்சல். கூடுதல் பேட்டரி இல்லாமல் கிரிவலம் கிளம்ப வேண்டாம்.

வீடியோதான் முக்கியம் என்றால் 2025-ல் வந்த கேனான் பவர்ஷாட் வி1. 16 எம்எம் அகலக் கோணம், சூடாகாமல் இருக்க உள்ளேயே ஒரு குட்டி ஃபேன். நம்ம ஊர் வெயிலில் 4கே வீடியோ எடுத்து கேமரா சூடாகி நின்றுபோன அனுபவம் உள்ளவர்களுக்கு அந்த ஃபேன் ஏன் என்று விளக்க வேண்டாம். ஆனால் இதிலும், சோனி இசட்வி-1-லும் ஃப்ளாஷ் கிடையாது. 'டிஜிகேம் லுக்' வேண்டும் என்று வாங்கிவிட்டு வீட்டில் வந்து ஃப்ளாஷைத் தேடாதீர்கள்.

அழகுக்காகவே செய்தவை சில உண்டு. ஃபூஜிஃபில்மின் எக்ஸ் ஹாஃப் 240 கிராம், 1 இஞ்ச் சென்சார், பழைய ஃபிலிம் கேமரா போல ஒவ்வொரு படத்துக்கும் நெம்புகோலை இழுக்கும் விளையாட்டு. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிறகு திருத்த உதவும் 'ரா' கோப்பு தராது. உடனே பிரிண்ட் தரும் இன்ஸ்டாக்ஸ் மினி இவோ வெறும் 5 மெகாபிக்சல் அளவில், போன் செல்ஃபி கேமராவை விடச் சின்ன சென்சாரோடு வருகிறது. கையில் படம் வரும் சந்தோஷத்துக்கு அது சரி. ஒவ்வொரு பிரிண்டுக்கும் ஃபிலிம் செலவு தொடரும்.

ஐயாயிரம் ரூபாய்க்கு '48 மெகாபிக்சல், 4கே' — உண்மையா?

ஆன்லைனில் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். பெயர் தெரியாத நிறுவனம், கைக்கு அடக்கமான வண்ணப் பெட்டி, '48 மெகாபிக்சல், 16 எக்ஸ் ஜூம்' என்ற விளம்பரம். இவற்றில் பெரும்பாலானவற்றில் உள்ளே இருப்பது மலிவான குட்டி சென்சார். அது எடுக்கும் சின்னப் படத்தை மென்பொருள் ஊதிப் பெரிசாக்கி 48 மெகாபிக்சல் என்று கணக்குக் காட்டுகிறது. 16 எக்ஸ் ஜூம் என்பதும் டிஜிட்டல் ஜூம். அதாவது படத்தை வெட்டிப் பெரிதாக்குவது. போனில் இரண்டு விரலால் செய்கிறோமே, அதேதான்.

அடையாளம் சுலபம். சென்சார் அளவு எழுதியிருக்காது. 'ஆப்டிகல் ஜூம்' என்ற சொல்லே இருக்காது. லென்ஸ் எத்தனை எம்எம் என்று கேட்டால் பதில் வராது. மூன்றில் இரண்டு இல்லையென்றால் நகர்ந்துவிடுங்கள்.

குறைந்த விலையில் புதுசு வேண்டும் என்றால் கோடாக் பிக்ஸ்ப்ரோ எஃப்இசட்55 போன்றவை இருக்கின்றன. 16 மெகாபிக்சல், 5 மடங்கு உண்மையான ஆப்டிகல் ஜூம், ஃப்ளாஷ். பெயரில் கோடாக் இருந்தாலும் தயாரித்து விற்பது பெயர் உரிமம் வாங்கிய ஜேகே இமேஜிங் என்ற வேறு நிறுவனம். அசல் கோடாக் 2012-ல் திவால் மனு கொடுத்தபோதே டிஜிட்டல் கேமராவை விட்டுவிட்டது. சென்சாரும் அந்த 1/2.3 இஞ்ச்தான். பகல் வெளிச்சத்துக்கும் பார்ட்டி ஃப்ளாஷுக்கும் ஓகே. கிரிவல இரவுக்கு இல்லை.

பழைய கேமரா வாங்குறீங்களா? இதையெல்லாம் பாருங்க

பட்ஜெட் குறைவு என்றால் நேர்மையான வழி, வீட்டு பீரோவைத் திறந்து பார்ப்பது. 2005 முதல் 2012 வரை வாங்கிய கேனான் இக்ஸஸ், சோனி சைபர்ஷாட், நிக்கான் கூல்பிக்ஸ் ஏதாவது ஒன்று எந்த வீட்டிலாவது, ஏதாவது ஒரு சித்தப்பா வீட்டிலாவது இருக்கும். இல்லையென்றால் சென்னை பர்மா பஜார், ரிச்சி தெரு பக்கம் போகலாம்.

வாங்கும் முன் பேட்டரி போட்டு, கார்டு போட்டு, நாலு படம் எடுத்துப் பாருங்கள். சார்ஜர் கூட வருகிறதா? அந்த பேட்டரி இன்னும் கடையில் கிடைக்கிறதா? பழைய சோனியில் மெமரி ஸ்டிக், பழைய ஒலிம்பஸில் எக்ஸ்டி கார்டு; இரண்டையும் இன்று தேடி அலைய வேண்டும். எஸ்டி கார்டு போடும் கேமராவாக இருந்தாலும், ரொம்பப் பழசு என்றால் 2 ஜிபிக்கு மேல் படிக்காது. நீங்கள் 64 ஜிபி கார்டு வாங்கிக்கொண்டு போய் 'கேமரா கெட்டுப்போச்சு' என்று நினைப்பீர்கள்.

இன்னொரு விஷயம் நம்ம ஊருக்கென்றே முக்கியம். 2002 முதல் 2004 வரை தயாரான பல நிறுவனக் கேமராக்களில் சோனி தயாரித்த சிசிடி சென்சார் ஒன்று கோளாறானது. படம் கோணலாக, ஊதா நிறமாக, அல்லது முழுக்கக் கறுப்பாக வரும். 2005-ல் கேனான், நிக்கான், ஃபூஜிஃபில்ம் உட்பட பல நிறுவனங்கள் இதை ஒப்புக்கொண்டு இலவசமாகச் சரிசெய்து கொடுத்தன. சூடும் ஈரப்பதமும் சேர்ந்த இடங்களில் இந்தக் கோளாறு சீக்கிரம் வரும். தமிழ்நாட்டில் இருபது வருஷம் கிடந்த அந்தக் காலத்துக் கேமராவை 'சிசிடி சென்சார், செம கலர்' என்று யாராவது விற்றால், கண் முன்னால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்தும் பாருங்கள். சிலந்தி வலை போல வெள்ளை இழை தெரிந்தால் அது பூஞ்சை. காம்பாக்ட் கேமராவில் லென்ஸைக் கழற்றிச் சுத்தம் செய்யும் செலவு, கேமரா விலையைத் தாண்டும்.

போனுக்குத் தடை... கேமராவுக்கு?

'கோயிலில் போன் எடுத்துப் போக விட மாட்டாங்க, அதான் கேமரா' என்று நினைப்பவர்கள் கொஞ்சம் நிற்கவும். 2022 டிசம்பர் 2-ல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் செல்போன் கொண்டு செல்வதைத் தடை செய்ய அறநிலையத்துறைக்கு உத்தரவிட்டது. திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில் வந்த உத்தரவு அது. பிரச்சினையின் மையமே, சாமியையும் பூஜையையும் படம் எடுப்பதும் அதனால் கோயிலின் அமைதி கெடுவதும்தான். போனில் எடுப்பது தப்பு, கேமராவில் எடுப்பது சரி என்று யாரும் சொல்லவில்லை. கருவறைப் பக்கம் கேமராவைத் தூக்கினால், அது ஒன்றரை லட்ச ரூபாய் கேமராவாக இருந்தாலும் வாங்கி வைத்துவிடுவார்கள். மற்ற பகுதிகளில் எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது என்பதை வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையும் அங்குள்ள பணியாளர்களும்தான் சொல்ல முடியும். உள்ளே போகும் முன் கேட்டுவிடுவது நல்லது.

கிரிவலப் பாதை வேறு. பொது வழி. இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள், நடுவே சாதுக்கள், ஆசிரமங்கள், அன்னதானம். படம் எடுக்க ஆயிரம் இருக்கிறது. ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கும் சாது காட்சிப்பொருள் இல்லை. தூங்குகிறவர் முகத்தில் ஃப்ளாஷ் அடித்துவிட்டு நடப்பதற்கு 'கேண்டிட்' என்று பெயர் வைத்தால் அது நியாயமாகாது. கேட்டு எடுத்தால் பெரும்பாலும் படமும் நல்லா வரும். தியான மண்டபம் மாதிரி இடங்களில் சத்தம் வராத ஷட்டர் உதவும். ஃபூஜிஃபில்ம் எக்ஸ்100, ரிக்கோ ஜிஆர் இரண்டிலும் 'கிளிக்' சத்தம் கேட்காத அளவுக்குத்தான் இருக்கும்.

பில், வாரண்டி, வரி

டிஜிட்டல் கேமராக்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்தது; 2019 ஜனவரி 1 முதல் 18 சதவீதம். கடையில் 'பில் இல்லாம எடுத்துக்கோங்க, குறைச்சுத் தர்றேன்' என்றால், குறைவது அந்த 18 சதவீதம். கூடவே போவது வாரண்டி. சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் உறவினர் மூலம் வரவழைப்பவர்கள், அந்த நிறுவனத்தின் இந்திய சர்வீஸ் சென்டர் வெளிநாட்டு வாரண்டியை ஏற்குமா என்று முதலில் கேட்க வேண்டும். பல நேரம் ஏற்பதில்லை. விமான நிலையத்தில் வரியில்லா வரம்பைத் தாண்டினால் சுங்க வரியும் உண்டு.

தட்டுப்பாடு இருக்கும் மாடல்களை எம்ஆர்பி-க்கு மேல் விற்பவர்களும் இருக்கிறார்கள். பெட்டியில் அச்சிட்ட எம்ஆர்பி-க்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும், பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். வாங்கியவுடன் பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் கேமராவின் அடியில் உள்ள எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று கடையிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கேமராவைப் பையோடு பீரோவில் பூட்டி வைக்காமல், மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வைத்தால் அடுத்த பௌர்ணமிக்கு லென்ஸ் தெளிவாக இருக்கும்.